தீர்த்தம் வாங்கிய சம்பந்தி

சிப்பாய் வேலர் வீட்டார் – அத்தியாயம் 14

சாவுத் தீட்டுக் கழிக்கும் அந்தியேட்டியன்று மெல்பேர்ண் டண்டினொங் வீட்டில் இருந்தவர்கள்:

விக்னராஜா. வீட்டுக்காரர். செத்தவரின் தம்பி. கொள்ளி வைத்தவரும் அவரே.

இராஜேஸ்வரி. அவர் மனைவி. அதிகாலையிலிருந்து உட்காரவில்லை.

வினுஷா. மகள். அடுத்த மாதம் கல்யாணப் பெண்.

பரராஜசிங்கம். மாப்பிள்ளையின் தகப்பன். வரவேண்டிய கட்டாயம் இல்லாதவர். எல்லோருக்கும் முதல் வந்தவர்.

பத்மா. பக்கத்துத் தெரு. சொன்னால் வருவாள், சொல்லாவிட்டால் இன்னும் வெள்ளென வருவாள்.

ஐயர். இன்னொரு வீட்டுக்குப் போகவேண்டிய அவசரத்தில் இருந்தார்.

சிவகடாட்சம். படத்துக்குள்.

மாப்பிள்ளை நிதுஷன் வரவில்லை. விமான நிலையத்தில் வேலை என்றான். நம்பலாம், நம்பாமலும் விடலாம். இராஜேஸ்வரி அன்று எதையும் நம்பும் நிலையில் இல்லை.

சிவகடாட்சம் சிட்னியில் தனியே இருந்தவர். கல்யாணம் கட்டவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹெலன்ஸ்பர்க் கோவிலுக்குப் போய்வந்தார். பின்னேரம் கதிரையில் சாய்ந்திருந்தபடியே போய்விட்டார். மாரடைப்பு. அதில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை.

சந்தேகம் வேறு இடத்தில். சிவகடாட்சத்துக்குக் கார் ஓட்டத் தெரியாது. அந்தக் காட்டுக் கோவிலுக்கு அவரை யார் கூட்டிக்கொண்டு போனது? சிட்னியில் கேட்ட எல்லோரும் “நாங்கள் இல்லை” என்றார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை மெல்பேர்ண் வர விமானச் சீட்டு வேறு போட்டிருந்தார். ஏன் வருகிறார் என்று தம்பிக்குச் சொல்லவில்லை.

செத்தவரின் சிட்னி வீட்டுக் குசினியைத் துப்புரவாக்கியது இராஜேஸ்வரிதான். மேசையில் கோவில் கன்ரீன் தோசைப் பார்சல் இரண்டு, சாப்பிட்டு முடித்தபடி கிடந்தன. தனி மனிதருக்கு இரண்டு பார்சல். ஒன்றில் சட்னியைப் பிரிக்கவே இல்லை. அதையும் குப்பையில் போட்டுவிட்டுத்தான் அவள் யோசிக்கத் தொடங்கினாள்.

இது பழைய கதை. இன்றைக்கு முப்பத்தோராம் நாள்.

கடற்கரைக் காரியம் காலையிலேயே முடிந்தது. வீட்டில் ஐயர் கும்பத் தண்ணீரை மாவிலையால் மூலை மூலையாகத் தெளித்தார். பிறகு கூடத்தின் நடுவில் நின்று கூப்பிட்டார்.

“துடக்குக்காரர் மட்டும் வாங்கோ. தீர்த்தம் வாங்கினால் துடக்குக் கழிஞ்சுது. மற்ற ஆக்களுக்குத் தேவையில்லை.”

விக்னராஜா போனார். இராஜேஸ்வரி போனாள். வினுஷா போனாள். செத்தவருடைய வழியில் தீட்டுக் காக்க மெல்பேர்ணில் இருப்பவர்கள் அவ்வளவுதான்.

கையை நீட்டியபடியே இராஜேஸ்வரி பின்னால் பார்த்தாள். கடைசிக் கதிரையில் இருந்த பரராஜசிங்கம் எழும்பினார். முழுதாக இல்லை, பாதி. வலது கை குழிந்து தயாராக இருந்தது. பிறகு சுற்றிப் பார்த்தார். சேட்டு நுனியை இழுத்துவிடுகிற மாதிரி ஒரு பாவனை. திரும்பக் கதிரையில் இருந்துவிட்டார்.

பத்மா கதவடியில் நின்றாள். அவளும் பார்த்தாள். பார்த்ததை இராஜேஸ்வரி பார்த்துவிட்டாள் என்பதையும் பார்த்தாள்.

குசினிக்குள் வந்ததும் பத்மா தொடங்கினாள்.

“நான் சொன்னதை நீ காதில வாங்கேல்லை.”

“அப்பளத்தைப் பொரி.”

“பொரிக்கிறன். காரம் டவுன்ஸ் கோவிலில உன்ர சம்பந்தியைக் கண்டனான் எண்டு போன கிழமை சொன்னனான். கோவிலுக்குள்ள இல்லை, கார் பார்க்கில. மகன்ர பிறந்தநாள். மகன் அருச்சனைத் தட்டோட உள்ள போறான், தேப்பன் காருக்குள்ள இருந்து வாழைப்பழம் தின்னுறார். ஏன் அண்ணை உள்ள வரேல்லை எண்டால் முழங்கால் நோவாம். பிறகு பாத்தால் கோபுரத்தைப் பாத்துக்கொண்டு காரைச் சுத்திச் சுத்தி நடக்கிறார். முழங்கால் நோவுக்காரன் செய்யிற வேலையோ?”

“டொக்டர் நடக்கச் சொல்லியிருப்பார்.”

“டொக்டர் சாமியையும் கும்பிட வேண்டாம் எண்டு சொன்னவரோ?”

இராஜேஸ்வரி பருப்பைக் கிளறினாள். அவளிடம் இன்னொன்றும் இருந்தது. பத்மாவிடம் கொடுத்தால் பின்னேரத்துக்குள் ஸ்பிரிங்வேல் முழுக்கத் தெரியும் என்பதால் கொடுக்கவில்லை.

பரராஜசிங்கம் சனிக்கிழமை தவறாமல் ஸ்பிரிங்வேல் சந்தையில் நண்டு வாங்குகிறவர். அங்கே நண்டு விற்கிற வியட்நாம்காரி அவரைத் தூரத்தில் கண்டாலே பெட்டியைத் திறப்பாள். அப்படிப்பட்டவர் வீட்டில் ஒரு மாதமாக மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் இல்லை. வினுஷா ஒருநாள் வாய் தவறிச் சொன்னது. “அவங்கட வீட்டில இப்ப ஃபுல்லா வெஜி, அம்மா. அங்கிள் ஏதோ டயட்.”

அந்த டயட் சிவகடாட்சம் செத்த மறுநாள் தொடங்கியிருந்தது.

கோவிலுக்குள் போகாத மனிதன். மச்சம் சாப்பிடாத மனிதன். துடக்குக்காரர் வாருங்கள் என்றால் கை தானாக நீளுகிற மனிதன். இவர் வீட்டில் யார் செத்தது? அவள் இரண்டு முறை கேட்டுவிட்டாள். ஒருவரும் இல்லை என்றுதான் இரண்டு முறையும் பதில் வந்தது.

கூடத்தில் விக்னராஜா பதக்கத்தை எடுத்துவிட்டார். அண்ணருடைய அந்தியேட்டி என்றாலும் அவருக்கு அது இல்லாமல் முடியாது. வெல்வெட் பெட்டி, உள்ளே வெள்ளி, விளிம்பில் வெட்டிய பெயர். அவருடைய பூட்டனுக்குத் தகப்பன், வெள்ளைக்காரனின் இலங்கைத் துப்பாக்கிப் படையில் சிப்பாயாக இருந்த வேலர்.

“சீனாக் கரையில போய்ச் சண்டை பிடிச்சவர்,” என்று ஐயருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். “வாள் வெட்டில இடது பெருவிரல் போனது. விரல் போனாலும் துவக்கை விடேல்லை.”

“அப்பிடியோ,” என்றார் ஐயர். அவர் கண் மணிக்கூட்டில்.

இராஜேஸ்வரி இந்தக் கதையைக் கல்யாணம் கட்டிய நாளிலிருந்து கேட்கிறாள். முதலில் ஒரு எதிரி இருந்தான். வினுஷா பிறந்தபோது மூன்று பேர். இப்போது ஒரு படையே வந்துவிட்டது.

சம்பந்தம் பேச வந்த அன்று இதே பெட்டியைப் பரராஜசிங்கத்தின் கையில்தான் விக்னராஜா முதலில் கொடுத்தார். அவர் விளிம்பைப் பார்த்தார். முகம் வெளுத்தது. குடிக்கத் தண்ணீர் கேட்டார். பதக்கத்தில் ஆசை வைத்துவிட்டார் என்றுதான் இராஜேஸ்வரி அப்போது நினைத்தாள். அன்றிரவே பெட்டியை அலுமாரிக்குள் மாற்றினாள். பூட்டித் திறப்பைச் சேலைக்குள் வைத்தாள்.

பந்திக்கு இலை போடுகிற நேரம். வினுஷா கும்பத்தடியில் குனிந்தாள். ஐயர் வைத்துவிட்டுப் போன தீர்த்தத்தைச் சிறிய செம்பொன்றில் ஊற்றினாள். மேலே மாவிலை ஒன்றை வைத்தாள். பின்பக்கமாகக் கராஜுக்குப் போனாள். திரும்பி வரும்போது கையில் செம்பு இல்லை.

இராஜேஸ்வரி குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றாள். பருப்பு அடிப்பிடிக்கிற மணம் வந்தது. அடுப்பை நூர்த்தாள்.

“எங்க போறாய்?” என்றாள் பத்மா.

“வெத்திலைத்தட்டு கராஜில கிடக்கு.”

“நான் எடுக்கட்டோ?”

“நீ அப்பளத்தைப் பார்.”

வீட்டுக்குள்ளிருந்து கராஜுக்கு ஒரு கதவு உண்டு. கராஜ் பக்கப் பூட்டில் திறப்பு எப்போதும் தொங்கும். இராஜேஸ்வரி அதைச் சத்தமில்லாமல் தள்ளினாள்.

பரராஜசிங்கம் கல்யாண அழைப்பிதழ்ப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றார். செருப்பைக் கழற்றியிருந்தார். சேட்டையும் கழற்றி விக்னராஜாவின் சைக்கிளில் போட்டிருந்தார். கையில் தீர்த்தத்தை ஊற்றிக் குடித்தார். மிச்சத்தைத் தலையில் தெளித்தார். கண் மூடியிருந்தது.

“என்ன அண்ணை, தாகமோ?”

அவர் திடுக்கிட்டார். ஆனால் செம்பைக் கீழே போடவில்லை.

“ஓம், தங்கச்சி. வெயில்.”

“தாகத்துக்கு ஆரும் தலையில தெளிக்கிறேல்லை.”

அவர் சேட்டை எடுத்துப் போட்டார். பொத்தானைத் தவறான துளையில் மாட்டினார்.

“உங்கட வீட்டில ஆர் செத்தது?” என்றாள் அவள். “இது மூண்டாம் தரம் கேக்கிறன். நாலாம் தரம் இவரைக் கூட்டிக்கொண்டு வந்து கேப்பன்.”

“உங்கட வீட்டில ஆர் செத்ததோ அவர்தான்.”

“விளங்கேல்லை.”

“விளங்கினது. அதாலதான் கதவைச் சாத்திப்போட்டு நிக்கிறியள்.”

அது உண்மை. எப்போது சாத்தினாள் என்று அவளுக்கே தெரியாது.

“எங்களுக்கும் வேலர்தான்,” என்றார் பரராஜசிங்கம். “என்ர பூட்டனுக்கும் அவர்தான் தேப்பன். நாங்கள் திருகோணமலைப் பிள்ளையள். நீங்கள் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைப் பிள்ளையள்.”

இராஜேஸ்வரி அழைப்பிதழ்ப் பெட்டியொன்றின் மேல் இருந்தாள். பெட்டி அமுங்கியது. எழும்பவில்லை.

“உங்கட மனிசன் சொல்லுற வேலரை எனக்குத் தெரியாது,” என்றார் அவர். “எங்கட வேலர் ஒரு சண்டையும் பிடிக்கேல்லை. மழை பெய்யாத வருசம், வீட்டில சாப்பாடில்லை, பட்டாளத்தில சோறு போட்டாங்கள், சேந்தார். ஹொங்கொங்கில மாக்கிடங்குக்குக் காவல். பீப்பா உருண்டுதான் பெருவிரல் போனது. காய்ச்சலில கூடப் போனவங்கள் ஈசல் மாதிரிச் செத்தாங்கள். அவர் சாகேல்லை. குடிக்கேல்லை. ஓடேல்லை. அதுக்குத்தான் அந்தப் பதக்கம்.”

“அதுக்கெல்லாம் பதக்கம் குடுப்பினமோ?”

“பட்டாளத்தில அது லேசான காரியமில்லை.”

“இரண்டு பெண்டில் வச்சிருந்ததுக்கும் சேத்தோ?”

“அது வெள்ளைக்காரனுக்குத் தெரியாது.” அவர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்து போனது. “நல்ல குடும்பக்காரன், தங்கச்சி. பிழை அதிலதான். கெட்டவனாய் இருந்திருந்தால் ஒரு பக்கத்தையாவது விட்டிட்டுப் போயிருப்பார். கோட்டையில வேலையாய் இருக்கேக்க திருகோணமலை. லீவு விட்டால் வண்ணார்பண்ணை. இரண்டு பக்கமும் அரிசி அனுப்பினவர். இரண்டு பக்கமும் பிள்ளையளுக்குக் காது குத்தினவர். பட்டாளத்தைக் கலைச்ச பிறகு ஒரு வீட்டிலதானே இருக்கலாம். உங்கட வீட்டுக்கு வந்தார். பதக்கமும் வந்தது.”

“உங்கட ஆக்கள்?”

“செத்த செய்தி பிந்தித்தான் வந்ததாம். என்ர பூட்டன் நடந்தும் வண்டியிலயும் யாழ்ப்பாணம் போனார். வாசலில மறிச்சுப்போட்டினம். கொள்ளி வச்சாச்சு, நீ ஆர் எண்டு கேட்டினம். திரும்பி வந்து தனியத் துடக்குக் காத்தார். கொள்ளியை மறிக்கலாம், துடக்கை ஆர் மறிக்கிறது? அண்டு தொடக்கம் உங்கட பக்கம் ஆர் செத்ததாய்க் கேள்விப்பட்டாலும் நாங்கள் காக்கிறது. யுத்தத்தோட தொடர்பு விட்டுப் போச்சு. உங்கட வீட்டில அந்தப் பெட்டியைத் திறக்கும் வரைக்கும் நீங்கள் ஆரெண்டு எனக்குத் தெரியாது.”

“தெரிஞ்ச பிறகு?”

“தெரிஞ்ச பிறகு பிள்ளையள் இரண்டு பேரும் கை கோத்துக்கொண்டு என்னை வழியனுப்ப வந்தினம். கல்யாண ஹோலுக்கும் சொல்லியாச்சு. நான் என்ன செய்ய?”

“வாயைத் திறந்திருக்கலாம்.”

“உங்கட மனிசன் பேசாமல் கேட்டிருப்பாரோ?”

கேட்டிருக்கமாட்டார். அது இராஜேஸ்வரிக்குத் தெரியும். ஒரு தகப்பன் வழி வந்தவர்கள் பங்காளிகள். பங்காளியின் பிள்ளைகள் அண்ணன் தங்கச்சி. ஐந்து தலைமுறை தள்ளியிருந்தாலும் விக்னராஜாவுக்கு அது நேற்று மாதிரி. சட்டம் ஒன்றும் சொல்லாது. விக்னராஜா கல்யாணப் பதிவு எழுத்தன்று வீட்டைப் பூட்டிக்கொண்டு படுத்துவிடுவார். வினுஷா அப்படியும் போய்க் கையெழுத்து வைப்பாள். பிறகு தகப்பனும் மகளும் இந்தப் பிறவியில் கதைக்கமாட்டார்கள்.

தங்கச்சி என்று இன்னொரு முறை சொல்லப்போனவரை அவள் மறித்தாள்.

“என்னைத் தங்கச்சி எண்டாதேங்கோ. நானும் இவ்வளவு நாளும் அண்ணை எண்டு கூப்பிட்டன். நீங்கள் சொல்லுறதைப் பாத்தால் நீங்கள் என்ர புருசனுக்குச் சகோதரம். எனக்கு மச்சான். என்ர மச்சான்ர மகனுக்கு என்ர பிள்ளையைக் குடுக்கப்போறன்.”

அவர் தலை குனிந்தார்.

“சிவகடாட்சத்தாருக்குத் தெரியுமோ?”

“தெரியும்.”

“ஆர் சொன்னது? நீங்களோ?”

“நான் சிட்னிக்குப் போகேல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் இந்தக் கராஜில உங்கட மனிசனோட அலுமாரி பொருத்திக்கொண்டு நிண்டனான். உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தேத்தண்ணி தந்தனீங்கள்.”

தந்தாள். சீனி கூடிவிட்டது என்று அவர் சொன்னதும் ஞாபகம் இருந்தது.

“அப்ப அவரைக் கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போனது ஆர்? அவரிட்டக் கதை சொன்னது ஆர்?”

பரராஜசிங்கம் செம்பைப் பார்த்தார். மாவிலையை எடுத்து அதன்மேல் திரும்ப வைத்தார். மிகக் கவனமாக வைத்தார்.

“பிள்ளையை ஏசாதேங்கோ,” என்றார்.

கூடத்திலிருந்து விக்னராஜாவின் குரல் வந்தது. “சம்பந்தி எங்க? பந்தி தொடங்கப்போகுது. பத்மா, சம்பந்தியைக் கண்டனீரோ?”

“பாத்ரூமுக்கு எண்டு நினைக்கிறன்,” என்று பத்மா கத்துவது கேட்டது. அவள் வேறொன்றை நினைத்தாள் என்பது குரலிலேயே தெரிந்தது.

பரராஜசிங்கம் கதவை நோக்கிப் போனார்.

“நான் இப்பவே அவரிட்டச் சொல்லிப்போடுறன். துடக்கும் கழிஞ்சுது. இனி ஒளிக்க ஏலாது.”

இராஜேஸ்வரி எழும்பிக் குறுக்கே நின்றாள்.

“காலமைதான் அண்ணரைக் கடலில கரைச்சுப்போட்டு வந்த மனுசன். இண்டைக்கு மகளையும் கரைக்கச் சொல்லுறியளோ?”

“அப்ப எப்ப?”

“நான் சொல்லுறபோது. நீங்கள் போய்ச் சாப்பிடுங்கோ. வாயைத் திறந்தால் சோத்துக்கு மட்டும் திறவுங்கோ. சேட்டுப் பொத்தானை மாத்திப் பூட்டுங்கோ, பத்மா பாப்பாள். வினுஷாவை இஞ்ச அனுப்புங்கோ. வெத்திலைத்தட்டைத் தூக்கிக்குடுக்க எண்டு சொல்லுங்கோ.”

அவர் பொத்தானைச் சரிசெய்தார். கதவடியில் நின்று திரும்பினார்.

“அந்தப் பதக்கம் எனக்கு வேண்டாம்.”

“நான் கேக்கேல்லையே.”

“நினைச்சனீங்கள்.”

அவர் போனார். முழங்காலில் ஒரு நோவும் இல்லாத நடை.

இராஜேஸ்வரி தனியே நின்றாள். அந்த வார இறுதியில் வினுஷா எங்கே போனாள்? சிநேகிதியின் பிறந்தநாள் என்றாள். ஜீலோங் என்றாள். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து நேரே போனாள், திங்கட்கிழமை வந்தாள். வந்தவளிடம் பெரியப்பா செத்துவிட்டார் என்று சொன்னதே இராஜேஸ்வரிதான். வினுஷா அழுதாள். அறைக்குள் போனாள். “எப்ப?” என்று மட்டும் கேட்டாள். “எப்படி?” என்று கேட்கவில்லை.

பிறகு அந்தச் சட்னி. பிரிக்காமல் கிடந்த தேங்காய்ச் சட்னி. வினுஷா மூன்று வயதில் ஒருமுறை அதைச் சாப்பிட்டுச் சத்தி எடுத்தாள். அன்றைக்குப் பிறகு கையால் தொட்டதில்லை. தோசையைச் சாம்பாரோடு மட்டும் தின்னுவாள், பொதியைப் பிரிக்கவும் மாட்டாள்.

மகள் தொட்டுச் சாப்பிட்ட பார்சலைத் தன் கையால் குப்பையில் போட்டிருக்கிறாள். சிட்னியில் எல்லோரிடமும் விசாரித்தவள், தன் வீட்டில் ஒருத்தியிடம் விசாரிக்கவில்லை.

பிள்ளை அவரிடம் என்ன சொன்னாள்? அவர் என்ன பதில் சொன்னார்? சரி என்றிருந்தால் மெல்பேர்ணுக்கு ஏன் சீட்டுப் போட்டார்? மாட்டேன் என்றிருந்தால், அந்தக் கதிரையில் அவர் சரிந்தபோது வினுஷா எங்கே நின்றாள்?

கதவு திறந்தது. வினுஷா வெள்ளைச் சல்வாரில் வந்தாள். கையில் ஃபோன்.

“எந்தத் தட்டு, அம்மா? அப்பா மெடலோட வாறார். நிதுஷனுக்கு எழுத்தண்டைக்கு அதைக் குடுக்கப்போறாராம். எல்லாருக்கும் அனவுன்ஸ் பண்ணப்போறார். அங்கிள் ஒண்டும் பேசாமல் நிக்கிறார், இட்ஸ் சோ ஓக்வர்ட்.”

“சிட்னியில தோசை நல்லா இருந்ததோ?”

வினுஷாவின் பெருவிரல் ஃபோன் திரையில் நின்றது.

“வாட்?”

“ஹெலன்ஸ்பர்க் கன்ரீன் தோசை. சட்னியைத் தொடேல்லை நீ.”

வினுஷா நிமிரவில்லை. அலுவலகத்தில் நிற்பவள் மாதிரி ஃபோனை நிதானமாகப் பைக்குள் வைத்தாள். அதைப் பார்த்தபோதுதான் இராஜேஸ்வரிக்குப் பயம் வந்தது.

“அவர் ஓகேயாத்தான் இருந்தார், அம்மா,” என்றாள். “நான் வெளிக்கிடேக்க.”

“எத்தினை மணிக்கு வெளிக்கிட்டனி?”

கதவுக்கு அப்பால் நடை ஓடைக்குள் விக்னராஜாவின் காலடி கேட்டது. பின்னால் இன்னும் சிலர். “எல்லாரும் ஒரு நிமிசம் இப்பிடி வாங்கோ,” என்றார். சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு இன்றுதான் சிரிக்கிறார்.

வினுஷா அந்தச் சத்தத்தை நோக்கித் திரும்பினாள். வெளியே போய்விட்டால் தகப்பனுடைய கைக்குள் போய்விடுவாள். பிறகு யாரும் எதுவும் கேட்க முடியாது.

இராஜேஸ்வரி மகளுடைய தோளுக்கு மேலால் கையை நீட்டினாள். அவள் முகத்துக்கு முன்னால் கதவைச் சாத்தினாள். திறப்பைத் திருப்பினாள்.